கழற்றியவர் பெயர்

தம்பி,

பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சிக்காரர்களுக்கு நீ எழுதிக் கொடுத்த பாரத்தின் நகல் வந்து சேர்ந்தது. "அம்மா, படிச்சுப் பாரு, அப்பா எழுதின மாதிரி இருக்கும்" என்று ஓரத்தில் கிறுக்கியிருந்தாய். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தரம் படித்தேன். எஞ்சின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் கம்பெனியிலிருந்து ஒன்றாக வந்தவை என்று ஒரு வரி. முன் ஃபோர்க் அசல். கார்புரேட்டர் அசல். பெட்ரோல் டாங்க் அசல், வலது பக்கத்து நசுங்கலோடு. சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் அசல் அல்ல, "தாராசுரம் பட்டறையில் என் தகப்பனார் சுற்றியது" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் பெருமை தாங்காமல் எதிர்வீட்டு ராணியைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் எனக்காகத் தலையாட்டினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். "மேக்னெட்டோவின் பாயிண்ட்: அசல் அல்ல. பழைய உரிமையாளரிடம் இருந்தபோதே திருட்டுப் போனது." அங்கே என் வாய் நின்றுவிட்டது. அவ்வளவுதான் ராணி, முடிந்துவிட்டது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம். ஆனால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று அவசரப்படுவாய், நானும் பாதியிலேயே அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன். தவிர, போன ஞாயிற்றுக்கிழமை போனில்தான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். "அப்பா அந்தப் பாயிண்ட்ட எங்கயாச்சும் எடுத்து வச்சிருந்தாராம்மா? பொட்டி, பரண் எல்லாம் ஒரு தடவ பாரேன்" என்று கேட்டாய். "இங்க ஒண்ணும் இல்லப்பா" என்றேன். பேசும்போது அந்த டிரங்குப் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

நான் சொல்லப்போவதைக் கேட்டு உனக்குக் கோபம் வரலாம். அதற்கு முன்னால் உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபம் வந்த பிறகு நீ காதில் போட்டுக்கொள்ள மாட்டாய். அப்பா போன பிறகு நீ அந்த வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு மெட்ராசுக்குக் கிளம்பியபோது, ஆபீஸ் வேலை பார்க்கிற பிள்ளை இதை எங்கே தொடப்போகிறான், ஏதாவது ஷெட்டில் போர்வை போர்த்திக் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். நீயோ பச்சைப் பெயிண்டைச் சுரண்டினாய், அதற்கடியில் கறுப்பைக் கண்டுபிடித்தாய், கறுப்பின் மேல் தலைமுடி அகலத்துக்கு ஓடிய தங்கக் கோட்டைக் கண்டுபிடித்தாய். முன் மட்கார்டு இந்த வண்டியுடையதே இல்லை, துளை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று வாரக்கணக்கில் தூங்காமல் கிடந்தாய். விளக்கின் ஒரு வளையத்துக்காக எட்டு மாதம் யார் யாருக்கோ எழுதினாய். மும்பையிலிருந்து வந்த அந்த வியாபாரி, எந்தச் சாமானில் எந்த எண் வேண்டுமோ சொல்லுங்கள், பழசு போலவே வெட்டித் தருகிறேன், ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது என்றபோது, "என்னால கண்டுபிடிக்க முடியுமே" என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினாயாமே. உன் மனைவிதான் சொன்னாள். அன்றைக்கு அப்பா படத்துக்கு முன்னால் நின்று அதைச் சத்தமாகச் சொன்னேன். இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்திருப்பார்.

நீ கழற்றிய ஒவ்வொரு சாமானிலும் அப்பாவைப் போலவே சீட்டுக் கட்டியிருந்ததைப் படத்தில் பார்த்தேன். அந்தச் சீட்டில்தான் நான் எழுத்துக் கூட்டவே கற்றுக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. பள்ளிக்கூடப் பக்கம் போகாதவள் நான். எல்லாரும் முதலில் அம்மா, ஆடு என்று படிப்பார்கள், நான் முதலில் படித்தது பிளக். தினக்காலண்டரில் கிழித்த தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் நீலப் பென்சிலால் நாலு வரி எழுதுவார். என்ன சாமான், எந்த வண்டி, எந்தப் பக்கம், கழற்றியவர் யார். நூலால் கட்டித் தொங்கவிடுவார். நாலாவது வரிதான் அவர் பட்டறையின் சட்டம். கழற்றியவர் யாரோ அவரேதான் திரும்ப மாட்ட வேண்டும். கூட வேலை பார்த்த சேகர் ஒரு கியர்பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, சீர்காழியில் நல்ல வேலை கிடைத்தது என்று போய்விட்டான். வண்டிக்காரர் கத்தினார், அப்பா அசையவில்லை. சேகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து, திட்டிக்கொண்டே மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். இது என்ன வீம்பு என்று கேட்டேன். "கழட்டின கைக்குத்தான் புள்ள அது எப்படி இருந்துச்சுன்னு தெரியும். அதோட, பேரு எழுதி வச்சிட்டா வேற எவன் மேலயும் பழி விழாதுல்ல" என்றார். இரண்டாவதாகச் சொன்னதுதான் நிஜக் காரணம். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

நீ பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால் நடந்தது. ஆட்சி மாறிய புதிது. மேடைக்கு மேடை உழைக்கிறவனுக்கு நிலம் என்று முழங்கினார்கள், எங்கள் களத்தில் மட்டும் பழைய படிதான் அளந்தார்கள். திருப்பனந்தாளுக்குக் கிழக்கே மண்ணியாற்றங்கரையில் எங்கள் ஊர். வயல் முழுக்கப் பண்ணையுடையது, நாங்கள் குடியிருந்த குடிசையின் மண்ணும் பண்ணையுடையது. பண்ணையார் அதிகம் வெளியே வரமாட்டார். எல்லாம் ஏஜெண்டுதான். அந்த ஏஜெண்டுக்குப் பண்ணையார் கொடுத்ததுதான் இந்த மோட்டார் சைக்கிள். ஜெர்மன் சண்டைக்கு முன்னால் எந்தத் துரையிடமோ வாங்கியது. அந்தச் சத்தம் கரையில் கேட்டாலே குனிந்து நடுகிறவள் இன்னும் குனிவாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நடவுக்கும் அறுப்புக்கும் போவேன், காலையில் பண்ணைக் கொட்டகையைக் கூட்டுவேன். உன் அப்பா அதே கொட்டகையில் மாடு பார்த்தார், வண்டியைத் துடைத்தார். ஏஜெண்டுக்குப் பயந்து துடைத்தவர் இல்லை. வண்டியின் மேல் ஆசைப்பட்டுத் துடைத்தவர். ஒவ்வொரு கம்பியையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறைதான்.

அந்த வருஷம் குறுவை நன்றாக விளைந்திருந்தது. கலத்துக்கு அரைப்படி கூடக் கொடுத்தால்தான் அறுப்பு என்று சங்கத்தில் முடிவெடுத்தோம். அரிவாள் எல்லாம் கூரையில் செருகியபடியே இருந்தது. மாட்டுக்கு மட்டும் வேலைநிறுத்தம் கிடையாது, வாயில்லா ஜீவனைப் பட்டினி போடக் கூடாது என்று சங்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் நாங்கள் இரண்டு பேரும் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாலாம் நாள் சாயங்காலம் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். ஏஜெண்டு கணக்குப்பிள்ளையிடம் சொல்வது காதில் விழுந்தது. "காலையில வண்டிய எடுத்துக்கிட்டு கொள்ளிடத்துக்கு அக்கரை போறேன். எண்பது ஆளுக்கு அச்சாரம் குடுத்துட்டு வந்துட்டா மறுநாள் விடியக்குள்ள வயல்ல இறங்கிடுவான். அப்புறம் இவனுங்க கொடியக் கட்டிக்கிட்டு அழட்டும்." சாணிக் கூடை கையில் அப்படியே நின்றுவிட்டது. வெளியாள் இறங்கினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊர்களில் அடிதடி, போலீஸ், குடிசைக்கு நெருப்பு எல்லாம் கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் தெருவில் அன்றைக்கு அடுப்பு எரிந்த வீடு நாலுதான் இருக்கும்.

மறுநாள் விடிகிற வேளை. உன் அப்பா மாடுகளை ஆற்றுக்கு ஓட்டிப் போயிருந்தார். நான் தென்னம் விளக்குமாற்றோடு வண்டிக்கு முன்னால் நின்றேன். பிளக்கை எடுத்தால் ஏஜெண்டிடம் இன்னொன்று இருக்கும். பெட்ரோலைக் கொட்டினால் வாடை காட்டிக் கொடுத்துவிடும். ஒரு மாதத்துக்கு முன்னால் கும்பகோணத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தார். அவர் செய்வதைக் கூட்டுகிற சாக்கில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். மேக்னெட்டோவின் வட்ட மூடியைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கம்பியை ஒதுக்கினார், வண்டியின் டூல் பெட்டியிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்தார், நடுவில் ஒரே ஒரு போல்ட், உள்ளேயிருந்து பித்தளையில் ஒரு சாமானை உருவினார். "இது இல்லன்னா நெருப்புப் பொறி வராதுங்க, வண்டி வெறும் இரும்புதான்" என்று ஏஜெண்டிடம் சொன்னார். அதைத்தான் நானும் செய்தேன், தம்பி. பித்தளைச் சாமான் கையோடு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கியது. மூடியைத் திரும்பப் போட்டேன், கம்பியை இழுத்து விட்டேன், ஸ்பேனரை இருந்த இடத்தில் வைத்தேன், சாமானைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு மிச்சக் கொட்டகையையும் சுத்தமாகக் கூட்டினேன்.

அதற்கப்புறம் ஏஜெண்டு உதைத்த உதையைப் பார்த்திருக்க வேண்டும் நீ. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தார். பிளக்கை மாற்றி உதைத்தார். ஆள் விட்டுத் தள்ளச் சொன்னால் தள்ள ஆள் இல்லை, எல்லாரும் சங்கம். வெயில் ஏறத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உதைத்தார். எண்பது ஆளுக்கான அச்சாரப் பணத்தை வேறு ஒருத்தர் கையில் கொடுத்தனுப்பவும் அவருக்கு மனமில்லை. கடைசியில் கும்பகோணத்துக்கு ஆள் போய், மெக்கானிக் வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. வந்தவர் நிதானமாக மூடியைத் திறந்து பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லீங்களே ஐயா" என்றார். இந்த இடம் வரைக்கும் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

பிறகு நடந்ததில் சிரிப்பு இல்லை. "வண்டியத் தொடுறவன் நீ ஒருத்தன்தானேடா" என்று உன் அப்பாவைத் தூணோடு சேர்த்து இரண்டு அறை விட்டார் ஏஜெண்டு. "நான் எடுக்கலைங்க" என்றார் அப்பா. இன்னொரு அறை. "நான் எடுக்கலைங்க" என்று அதே குரலில் திரும்பச் சொன்னார். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். சாமான் என் இடுப்பில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. வாய் திறந்தால் கூலிப் போராட்டம் திருட்டுக் கேசாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நிஜம்தான். பயந்தேன் என்பதும் நிஜம். அழ மட்டும் செய்தேன். மறுநாள் காலை கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. விளைந்த கதிர் மழையில் சாய்ந்தால் முளைத்துப்போகும். மத்தியானத்துக்குள் பண்ணையாரே அரைப்படிக்குச் சம்மதித்துவிட்டார். மழைக்கு முன் அறுத்து முடித்தோம். தெருவெல்லாம் புதுச்சோறு மணத்தது. திருட்டு விஷயம் வேறு, கூலி விஷயம் வேறு என்று பண்ணை பிடிவாதமாக நின்றுவிட்டது. அந்த மணத்துக்கு நடுவில் உன் அப்பா வேலை போய், ஒரு துணி மூட்டையோடு கரையில் நடந்து போனார்.

பிறகு உனக்குத் தெரிந்த கதை. கும்பகோணத்தில் பட்டறையில் சேர்ந்தார், தொழில் கற்றார். இரண்டு வருஷம் கழித்து என்னைப் பெண் கேட்டு வந்தார். "எல்லாரும் என்னயத் திருடன்னு பாத்தாங்க, நீ ஒருத்திதான் அழுத" என்றார். அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் போய்விடுவாரோ என்று தோன்றியது. பண்ணையார் வீட்டார் நிலத்தை விற்றுவிட்டு மெட்ராசுக்குப் போனபோது இந்த வண்டியைப் பழைய இரும்போடு போட்டார்கள். அதற்கு முன்பே ஒருமுறை வேறு பாயிண்ட் மாட்டிப் பார்த்து, அது வேறு பக்கம் சுற்றுகிற வண்டியுடையது என்று தெரியாமல் உதைத்து, ஏஜெண்டுக்குக் கணுக்கால் பிசகியதுதான் மிச்சம். அப்பா அதை மாட்டு வண்டியில் ஏற்றி, தாராசுரத்தில் அதற்குள் சொந்தமாக வைத்திருந்த பட்டறைக்குக் கொண்டுவந்தார். துடைத்தார், எண்ணெய் போட்டார், ஸ்பிரிங் சுற்றினார். ஓட்ட மட்டும் இல்லை. ஒரு சாமான் குறைகிறது என்பார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். நீ பிறந்தபோது, நீ பள்ளிக்கூடம் போனபோது, வீடு கட்டியபோது என்று ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். மூன்று நாள் வாயை மூடியதற்கு என்னிடம் காரணம் இருந்தது. அதற்குப் பிறகான வருஷங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. நீ உன் மனைவியிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடு, நாள் ஆக ஆக விஷயம் சின்னதாகாது, பெரிதாகத்தான் ஆகும்.

பட்டறைக்கு வருகிறவர்கள் மூலையில் நிற்கும் அந்த வண்டியைக் காட்டி, இது ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் அப்பா "சாமான் கிடைக்கலைங்க" என்பார். பிற்பாடு எப்போதிலிருந்தோ பதில் மாறிவிட்டது. "கழட்டினவங்க வரணுமே" என்பார், சிரிப்பார். எனக்கு அது முள்ளாகக் குத்தும். அந்த மூன்று அறையை மறக்கவில்லை, அதனால்தான் இப்படிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் பொய் சொல்லிப் போனை வைத்த பிறகு, பெட்டியைத் திறந்தேன். கல்யாணப் புடவைக்கு அடியில் சுருக்குப்பை அப்படியே இருந்தது. அன்றைக்குக் கட்டி வைத்தவள், பிறகு ஒரு நாளும் அவிழ்த்ததில்லை, அவிழ்க்கத் தைரியம் வந்ததில்லை. இத்தனை வருஷத்தில் களிம்பேறிக் கறுத்திருக்கும், இதை உன்னிடம் கொடுத்தும் பிரயோஜனம் இருக்காது என்று எண்ணிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே நான் வைக்காத மெழுகுத் தாள். பிரித்தால், தம்பி, பித்தளை பளபள என்றிருக்கிறது. எண்ணெய் காயவில்லை. பொறி பறக்கும் முனை இரண்டும் அரம் வைத்துச் சீராக்கியிருக்கிறது. நூலில் ஒரு சீட்டுத் தொங்குகிறது. நீலப் பென்சில். "பாயிண்ட். பண்ணை வண்டி. வலது பக்கம்." நாலாவது வரியில் என் பெயர்.

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷத்து ஆடிப்பெருக்குத் தாள். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஆற்றுக்குப் போகிற அவசரத்தில் பெட்டியிலிருந்து மஞ்சள் கயிறு எடுத்துவரச் சொன்னேன். வர நேரமாயிற்று, கயிறு எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடுகிறார் என்று நான் வாசலில் நின்று சத்தம் போட்டேன். வந்தார், கயிற்றைக் கையில் கொடுத்தார், "நல்லாக் கெட்டியா முடிஞ்சுக்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, கண்ணை மூடும் வரையிலும் சொல்லவில்லை. வருஷா வருஷம் எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். மாட்டினால் வண்டி ஓடியிருக்கும். அவர் ஆசைப்பட்ட வண்டி. மாட்டவில்லை. கழற்றியவள் எடுத்துக்கொண்டு வரட்டும் என்று காத்திருந்தார், நான் போகவில்லை. இதுதான் என் தப்பு. எடுத்தது தப்பில்லை, எடுத்ததற்கு இன்றைக்கும் பெருமைப்படுகிறேன், எண்பது ஆளை ஆற்றுக்கு அக்கரையிலேயே நிறுத்திய கை இது. அவரைக் காக்க வைத்ததுதான் தப்பு.

அதனால் பாரத்தில் திருட்டு என்று எழுதியிருப்பதை அடித்துவிடு. அசல், வண்டியிலேயே இருக்கிறது என்று எழுது. எப்படி, எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் பெயரைச் சொல், கூச்சப்படாதே. இந்தக் கடிதத்தோடு அதை அனுப்புவேன் என்று எதிர்பார்க்காதே. தபாலை நம்பாதது ஒரு காரணம், அப்பாவின் சட்டம் இன்னொரு காரணம். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். நீ வாங்கிப் போட்டிருக்கும் அந்த வேறு பாயிண்ட்டைக் கழற்றி, உன் பெயர் போட்டு ஒரு சீட்டுக் கட்டி வை. மூடிக்குள் வேறு எதையும் தொடாதே. டூல் பெட்டியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஸ்பேனர் இருக்கும், அசல் என்று நீயே பாரத்தில் எழுதியிருக்கிறாய். அதை மட்டும் எடுத்து வை.

அம்மா